சுவர் ஏறும் அத்தி

உதகமண்டலத்துப் பங்களாச் சுவர்களில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் படர்ந்திருக்கும் 'ஐவி'க் கொடியைக் கண்டு மோகித்து, ஒரு கிளையை ஈரத் துணியில் சுற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தவர்கள் எத்தனை பேரோ! அடியேனும் அவர்களில் ஒருவன். சித்திரை முடிவதற்குள் அது சருகாகிவிட்டது. குளிர் தேசத்துக் கொடிக்கு நம் வெயில் ஒத்துக்கொள்ளுமா?

சமவெளியில் இருப்போரின் அந்த ஆசையைத் தீர்த்துவைக்க வல்லது அத்தி இனத்தைச் சேர்ந்த ஒரு கொடி. சீனாவும் ஜப்பானும் அதன் தாயகம். பைக்கஸ் பூமிலா என்பது சாஸ்திரப் பெயர். அவ்வளவு பெரிய பெயர் எதற்கு? சுவரத்தி என்றே சொல்லுவோம். நர்ஸரிகளில் சிறு தொட்டிகளில் கிடைக்கிறது.

வாங்கி வருகிறவர்களில் அநேகர் ஒரே பிழையைச் செய்கிறார்கள். தொட்டியில் நீண்டு தொங்கும் தண்டைச் சுவரில் சாத்தி, ஆணியடித்து, நூலால் கட்டிவிடுகிறார்கள். மாதம் இரண்டாகியும் அது ஒட்டுகிறதில்லை. இளந்தண்டு வளரும்போதே சுவரைத் தொட்டுப் பற்றுவேர் விடவேண்டும். முற்றிய தண்டை எவ்வளவு அழுத்திக் கட்டினாலும் பயனில்லை. 1865-இல் கொடிகளின் இயக்கத்தைப் பற்றி எழுதிய டார்வின் இந்தச் சுவரத்தியையும் ஆராய்ந்தார். அதன் பற்றுவேர்கள் பிசுபிசுப்பான நுண்துளிகளைக் கசியவிடுவதை அவர் கண்டு எழுதியிருக்கிறார்.

ஆகவே, நட்டதும் கத்தரிக்கோலை எடுங்கள். தரைக்கு மேல் நாலு விரற்கடை விட்டு மற்றதை வெட்டிவிடுங்கள். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று கை நடுங்கத்தான் செய்யும். நான் வெட்டியபோது என் மனைவி இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. ஆனால் அடியிலிருந்து கிளம்பும் புதுத் துளிர் தானே சுவரைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

சுவரை ஒட்டினாற்போல் நடலாகாது. அங்கே மண் வறண்டு, சுண்ணாம்புக் காரையும் கல்லுமாக இருக்கும். ஓரடி தள்ளிக் குழி தோண்டி, மக்கிய எருவும் இலைமண்ணும் இட்டு, செடியைச் சுவர்ப் பக்கம் சற்றே சாய்த்து நடவேண்டும். கிழக்குச் சுவரும் வடக்குச் சுவரும் உத்தமம். மேற்குச் சுவரின் பிற்பகல் வெயிலில் இளந்துளிர் கருகிப்போகும். மாலையில் வேருக்கு மட்டுமன்றிச் சுவருக்கும் தண்ணீர் தெளியுங்கள். வெள்ளையடித்த சுவராயின் உதிரும் சுண்ணாம்பை முன்னதாகவே தேய்த்து எடுத்துவிடவேண்டும். இல்லாவிட்டால் அதைப் பற்றிய கொடி அதனுடனேயே கீழே விழும்.

விரிசல் கண்ட பழைய சுவரில் மட்டும் இதை ஏற்றவே ஏற்றாதீர்கள். பின்னால் பிய்த்தெடுக்க முயன்றால் காரையும் சேர்ந்து பெயர்ந்துவரும். நல்ல சுவரிலுங்கூட, சில வருஷங்கள் சென்றபின் பெரிய தடித்த இலைகளோடு சுவரை விட்டு வெளியே நீட்டும் கிளைகளை வருஷந்தோறும் கழிக்கவேண்டும். அதன் பால் பட்டால் சிலருக்கு அரிக்கும்; கையில் துணியைச் சுற்றிக்கொள்வது நல்லது.

வெட்டிய துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். ஈர மணலில் ஊன்றி நிழலில் வைத்தால் வேர்விடும். எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் சமாதானம் ஏற்பட்டது அந்தத் துண்டுகளால்தான். அவற்றில் இரண்டு இப்போது அடுத்த வீட்டு அம்மாளின் மதிலில் ஏறிக்கொண்டிருக்கின்றன.