காற்றுப்பை இல்லாத மீன்

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் திருச்செந்தூர்ச் செய்தி ஒன்று அடிக்கடி வரும். கோயிலுக்கு முன்னால் கடல் உள்வாங்கியது, பாசி படிந்த பாறைகள் வெளியே தெரிந்தன, பக்தர்கள் அவற்றின்மேல் ஏறி நின்று செல்ஃபி எடுத்தார்கள். படமும் ஏறக்குறைய ஒரே படம்தான். எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் முதன்முதலில் பார்க்கும் கடல் திருச்செந்தூர்க் கடலாகத்தான் இருக்கும். அதுவும் மொட்டையடித்த கையோடு, சந்தனம் காயும் முன்னால். அதனால் அந்தச் செய்தியை எங்கள் ஊரில் கொஞ்சம் சொந்தச் செய்திபோலவே படிப்போம். சுனாமி வருமா என்று ஒருவர் கேட்பார், வராது என்று இன்னொருவர் சொல்வார், டீ ஆறிப்போகும்.

கடல் உள்வாங்குவதில் மர்மம் ஒன்றும் இல்லை. அந்த இரண்டு நாட்களில் சூரியனும் நிலவும் பூமியும் ஒரே கோட்டுக்கு வருவதால் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். மன்னார் வளைகுடாவில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. ஆனால் கரை சரிவு குறைவாக இருக்கும் இடத்தில் அந்தச் சொற்ப அளவே பல அடி தூரத்துப் பாறையைத் திறந்து காட்டப் போதும். பாறைப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கி நிற்கும். செல்ஃபி எடுப்பவரின் கால் பக்கத்தில், அந்தத் தேக்கத்தில், ஏதோ ஒன்று சட்டென்று நகரும். குனிந்து பார்த்தால் பாறைதான் தெரியும். இன்னும் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் பாறையில் இரண்டு கண்கள் தெரியும்.

பிளென்னி என்று உலகம் முழுக்கச் சொல்லப்படும் குடும்பத்தைச் சேர்ந்த மீன் அது. சுமார் 400 இனங்கள். பெரும்பாலானவை விரல் நீளம்தான் இருக்கும். உடம்பில் செதிலே கிடையாது, வழவழவென்று ஒரு கோழைப் பூச்சு. முகம் மழுங்கலாக, நெற்றி செங்குத்தாக, கண்கள் உச்சியில் இருக்கும். பல இனங்களில் கண்ணுக்கு மேலே கிளைவிட்ட இழை ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். மற்ற மீன்களுக்கு வயிற்றுப் பக்கம் இருக்கும் துடுப்பு இதற்குத் தொண்டைக்குக் கீழே வந்துவிட்டது. அதை ஊன்றித்தான் பாறைமேல் உட்காருகிறது. வாயைத் திறந்தால் பேன்சீப்புப் பல். பாறைப்பாசியையும் அதில் படிந்த கசடையும் சுரண்டித் தின்னும் இனங்களுக்கு அந்தப் பல்தான் பிழைப்பு. சென்னைப் படையில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெரிய நூலில் இந்தக் கூட்டத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார். மீன் மார்க்கெட்டில்தான் இடமில்லை. யாரும் இதை எடைபோட்டு விற்பதில்லை.

பாறைத் தேக்கத்தில் வாழ்வது சுகமான காரியம் இல்லை. உச்சி வெயிலில் தண்ணீர் சுடும், உப்பு ஏறும், உயிர்க்காற்று குறையும். மழை பெய்தால் அதே பள்ளம் நல்ல தண்ணீராகிவிடும். அடுத்த ஏற்றத்தில் அலை வந்து அறையும். இதற்கெல்லாம் இந்த மீன்கள் கண்ட வழி விதவிதமானது. சில இனங்கள் தண்ணீர் சரியில்லை என்றால் வெளியே வந்துவிடும். தோல் ஈரமாக இருக்கும்வரை தோலாலும் செவுளாலும் காற்றிலேயே மூச்சு வாங்கும். பசிபிக்கில் குவாம் தீவில் இருக்கும் ஓர் இனம் இதில் எல்லை கடந்துவிட்டது. பெரிய மீனானபின் அலைத்தெளிப்பு படும் பாறையிலேயே குடித்தனம், கடலுக்குள் போவது அபூர்வம். வாலை ஒரு பக்கமாகச் சுருட்டி உதைத்துத் தாவும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் பிளாஸ்டிசினில் அந்த மீனைப்போலப் பொம்மைகள் செய்து, பாதியைப் பாறையிலும் பாதியைப் பக்கத்து மணலிலும் வைத்துப் பார்த்தார்கள். 2013-இல் முடிவு வெளியானது. மணலில் வைத்தவற்றைத்தான் பறவையும் பல்லியும் நண்டும் அதிகம் கொத்திக் கடித்திருந்தன. பாறையில் இருந்தவை பாறையாகவே இருந்துவிட்டன.

எனக்கு இந்த மீனிடம் பிடித்தது வேறொரு விஷயம். சிவகாசிக்காரனுக்குத்தான் அது பிடிக்கும் என்றுகூடச் சொல்வேன்.

நாம் வாங்கிச் சாப்பிடும் பெரும்பாலான மீன்களுக்கு வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை உண்டு. மீன் கழுவும் வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், குடலோடு சேர்ந்து வெள்ளையாக வரும். மேலே மிதக்காமலும் கீழே மூழ்காமலும் நடுத்தண்ணீரில் நிற்க அதுதான் உதவுகிறது. பிளென்னிகளில் பெரும்பாலானவை வளர்ந்தபின் அந்தப் பை இல்லாதவை. அலை அடிக்கும் பாறையில் மிதக்கத் தெரிந்தவனுக்குத்தான் ஆபத்து, தூக்கிக்கொண்டு போய் மோதிவிடும். பை இல்லாதவன் கனமாக அடியில் ஒட்டிக்கிடக்கலாம். நீந்தினாலும் ஒரு தத்து, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு தத்து என்றுதான் நீந்தும். பை இல்லாததில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அதைச் சொல்ல எங்கள் ஊர் வெடியைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

பட்டாசு ஆலையில் பல வருஷம் போர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது என்பதைக் கல்யாண வீட்டில்கூடக் கடைப்பிடிப்பவர். அவரிடம் ஒருநாள் கேட்டேன்.

"தண்ணிக்குள்ள வெடிச்சா அடி குறையும்ல அண்ணாச்சி?"

"சத்தந்தான் தம்பி கரையில நிக்கிற உனக்குக் கம்மியாக் கேக்கும். அடி கூடத்தான் செய்யும். காத்து அமுங்கிக் குடுக்கும், தண்ணி அமுங்கிக் குடுக்காது."

இதற்குமேல் இயற்பியல் வாத்தியாரும் சொல்ல முடியாது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், நீரில் சுமார் 1,500 மீட்டர். வெடித்த அதிர்வலையும் அப்படித்தான் தண்ணீரில் விரைந்து வருகிறது, வழியில் அதிகம் தேய்வதில்லை. மீனின் சதை ஏறக்குறையத் தண்ணீர்தான், அதனால் அலை சதைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போய்விடப் பார்க்கும். இடையில் காற்று நிரம்பிய பை ஒன்று இருந்தால்தான் வினை. அலை பட்டதும் பை நசுங்கும், அடுத்த கணமே அளவுக்கு மீறி உப்பும். பை கிழியும், அதை ஒட்டியிருக்கும் சிறுநீரகமும் மண்ணீரலும் சேர்ந்து கிழியும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது.

எங்கள் கரிசல்காட்டில் கிணறு வெட்ட அடிப்பாறைக்குத் தோட்டா வைப்பார்கள். மிஞ்சிய தோட்டாவைத் தண்ணீர் நிறைந்த கிணற்றில் போட்டு மீன் அள்ளிய கதை ஊருக்கு ஊர் உண்டு. சொல்பவர் எப்போதும் பக்கத்து ஊர்க்காரர் செய்ததாகவே சொல்வார். வெள்ளை வயிற்றைக் காட்டி மேலே வந்ததை அள்ளுவார்கள். பை கிழிந்து அடியில் போய்ப் படுத்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை, மூணாம் நாள் நாற்றம் பேசும். கடலிலும் இதைச் செய்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் இரண்டு கரைகளுக்கும், தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும், வெடி மீன்பிடி பழைய தலைவலி. 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே கரையோரக் கடலில் வெடி வைத்து மீன் கொல்வதைக் குற்றம் என்கிறது. சிவகாசியில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தது 1920-களின் தொடக்கத்தில். அதற்குக் கால் நூற்றாண்டு முந்திய சட்டம்.

அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர்கள் காற்றுப்பை இல்லாத தட்டை மீன் ஒன்றை வைத்து நீரடி வெடிச் சோதனை செய்திருக்கிறார்கள். வெடிக்கு வெகு பக்கத்தில் இருந்தவை மட்டுமே செத்தன. பையுள்ள மீன்கள் அதைவிடப் பல மடங்கு தூரத்திலேயே செத்துப்போகும். பிளென்னிக்கும் இதே உடற்கூறுதான். நேருக்கு நேர் வெடித்தால் எதுவும் தப்பாது. ஆனால் கொஞ்சம் விலகி, பாறைப் பொந்துக்குள் இருந்தால், மேலே கூட்டமாக நீந்திய மீன்கள் அத்தனையும் சரிந்தபின்னும் இது கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வாய்ப்பு உண்டு. உள்ளே காற்றை அடைத்து வைத்துக்கொள்ளாததால் கிடைத்த பிழைப்பு. இதைச் சொன்னபோது அண்ணாச்சி ரசித்துச் சிரித்தார். அப்புறம் கேட்டார், "சரி, அது இருந்த பொந்து என்னாச்சு?"

அனுபவம் உள்ளவர் கேள்வி. பொந்துதான் இந்த மீனின் முழுச் சொத்து. பெண் மீன் பொந்துக்குள், காலிச் சிப்பிக்குள், பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசு செத்தபின் அதன் ஓட்டுக்குள் முட்டைகளை ஒட்டிவிட்டுப் போய்விடும். காவல் ஆணுக்கு. பொரியும்வரை முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறிக்கொண்டு வாசலில் தலையை நீட்டி உட்கார்ந்திருக்கும். பவளப்பாறையில் வெடி விழுந்தால் கிளைப்பவளம் ஜல்லியாகிவிடும். அலைக்கு அலை உருளும் ஜல்லியில் புதிய பவளக்குஞ்சு ஒட்டி வளர முடியாது. மீன் பிழைத்தாலும் வீடு போய்விட்டது.

மன்னார் வளைகுடாவில் வீடு போனது வெடியால் மட்டும் இல்லை, சொல்லப்போனால் வெடி அதில் சிறுபங்குதான். தூத்துக்குடிப் பக்கத்தில் பல பத்தாண்டுகள் பவளப்பாறையைக் கடப்பாரையால் பெயர்த்துச் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் அனுப்பினார்கள். 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா அறிவித்தபின்னும் அது நிற்கவில்லை. 2001-இல் பவளங்கள் காட்டுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தபின்தான் கெடுபிடி இறுகியது. அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. அலையைத் தாங்கிய பாறையைப் பெயர்த்தால் அலை தீவைப் பெயர்க்கும். 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது தனிக்கதை.

விற்காத, தின்னாத விரல் நீள மீனுக்காக இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். 2019-இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பவளப்பாறைகளில் மற்ற உயிர்களுக்கு இரையாகும் மீன் சதையில் ஏறக்குறைய 60 விழுக்காடு, பொந்திலும் இடுக்கிலும் ஒளிந்து வாழும் இத்தகைய பொடி மீன்களிலிருந்து வருகிறது என்றது. வேகமாகப் பிறக்கும், வேகமாக இரையாகும், அந்த இடத்தை அடுத்த குஞ்சு நிரப்பும். அவற்றின் குஞ்சுகள் பாறையை விட்டு அதிக தூரம் போவதும் இல்லை என்று அந்த ஆய்வு காட்டியது. நம் தட்டுக்கு வரும் கலவா மீனின் கணக்குப் புத்தகத்தை முன்பக்கத்துக்குத் திருப்பினால் அங்கே பிளென்னிகளும் இருக்கும்.

காற்றுப்பையை விடாத பிளென்னிகளும் உண்டு. மெயகாந்தஸ் என்ற வகையில் சிலவற்றுக்குப் பை இருக்கிறது. அதனால் பாறையை விட்டு வெளியே வந்து வெட்டவெளியில் ஒயிலாக நீந்துகின்றன. அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் கீழ்த்தாடையில் இரண்டு விஷப்பற்கள். பெரிய மீன் விழுங்கினால் வாய்க்குள்ளேயே கடிக்கும். 2017-இல் அந்த விஷத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள் அதில் அபின் வகையைச் சேர்ந்த பொருள் ஒன்றைக் கண்டார்கள். எலிக்குக் கொடுத்தபோது வலித்ததாகத் தெரியவில்லை, இரத்த அழுத்தம்தான் மளமளவென்று இறங்கியது. கடிபட்ட மீன் தலைசுற்றி வாயைப் பிளக்கும், உள்ளே போனவர் நடந்தே வெளியே வருவார். இந்த ஆளுக்கு இருக்கும் மரியாதையைப் பார்த்து, விஷமே இல்லாத வேறு சில மீன்கள் இதன் நிறத்தைப் போட்டுக்கொண்டு திரிகின்றன. சிவகாசியில் பிரபலமான லேபிளுக்குப் போலி வருவதைப் பார்த்தவர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

பொந்தைவிட்டு நகராத வகையும் ஊர் சுற்றியிருக்கிறது. பம்பாயிலிருந்து கிடைத்த மீனை வைத்து 1836-இல் பெயரிடப்பட்ட ஓமோபிராங்கஸ் பங்டேட்டஸ் என்ற பிளென்னிக்குக் கொட்டலசின் காலி ஓடு பிடித்தமான வீடு. கொட்டலசு கப்பலடியில் ஒட்டும், கப்பல் கரீபியனுக்குப் போகும். 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு, பெரும்பாலும் கல்கத்தாவிலிருந்தும் கொஞ்சம் சென்னையிலிருந்தும், டிரினிடாடுக்குக் கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. அப்படி ஏதோ ஒரு கப்பலில்தான் இந்த மீன் ஒட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். 1931-இல் அமெரிக்க மீனியலாளர் ஒருவர் டிரினிடாடில் இதைப் பார்த்துப் புது இனம் என்று புதுப்பெயர் வைத்தார். பம்பாய்க்காரன் என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது வெனிசுவேலா, பிரேசில் கரைகளிலும் இருக்கிறது.