ஒரே படிப்புக்கு இரண்டு முறை கட்டணம்

எம்.பி.பி.எஸ். முடித்தவர் அமெரிக்காவில் மருத்துவராக வேண்டுமென்றால் யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகளை எழுதுகிறார். தேறி, இடமும் கிடைத்துவிட்டால் சம்பளத்துடன் மருத்துவமனைப் பயிற்சியில் சேர்ந்துவிடுகிறார். எம்.பி.பி.எஸ்.ஸை மறுபடியும் படித்துவிட்டு வா என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. அவர் படித்த அதே வளாகத்தில் பி.டி.எஸ். முடித்தவரின் நிலை வேறு. ஐ.என்.பி.டி.இ. எனப்படும் தேசியப் பல் மருத்துவத் தேர்வில் தேறினாலும் பெரும்பாலான மாநிலங்களில் அவருக்குத் தொழில் உரிமம் கிடைக்காது. அங்குள்ள ஏதாவதொரு கல்லூரியில் மாணவராகச் சேர்ந்து, இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் மீண்டும் படித்து, டி.டி.எஸ். அல்லது டி.எம்.டி. பட்டம் வாங்கியாக வேண்டும். முதுநிலைப் பயிற்சி மட்டும் முடித்தவர்களை ஏற்கும் மாநிலங்கள் சில உண்டு. மற்றவர்களுக்கு இதுதான் வழி.

இந்த மறுபடிப்புக்குச் சம்பளம் கிடையாது. ஆண்டுக் கட்டணம் ஒரு லட்சம் டாலரைத் தொடும், தாண்டும் கல்லூரிகள் உண்டு. வீட்டு வாடகை, சாப்பாடு, கருவிகள் எல்லாம் சேர்ந்தால் இரண்டு கோடி ரூபாய் என்பது மிகையான கணக்கல்ல. இங்கே சுயநிதிக் கல்லூரியில் நான்கு ஆண்டுப் படிப்புக்கும் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் காலத்துக்கும் ஏற்கெனவே செலவழித்த குடும்பம், அதே பாடத்துக்கு இரண்டாவது முறையாகப் பணம் கட்டுகிறது.

பணம் இருந்தாலும் சீட் எளிதில் கிடைத்துவிடாது. மதிப்பெண் பட்டியலை அமெரிக்க அளவுகோலுக்கு மாற்றித் தரும் நிறுவனத்துக்கு ஒரு கட்டணம், டோஃபல் தேர்வுக்கு ஒரு கட்டணம், தேசியத் தேர்வுக்கு ஒரு கட்டணம், பொது விண்ணப்ப முறையில் கல்லூரிக்குக் கல்லூரி தனித்தனிக் கட்டணம். நேர்முகத்துக்கு அழைப்பு வந்தால் பல கல்லூரிகளில் ‘பெஞ்ச் டெஸ்ட்’. உயிருள்ள நோயாளிகளுக்கு ரூட் கனால் செய்து பழகிய கை, பொம்மைத் தலைக்குள் பொருத்திய பிளாஸ்டிக் பல்லைக் குறித்த நேரத்துக்குள் செதுக்கிக் காட்ட வேண்டும். இதற்கிடையே விண்ணப்பத்துக்குக் கனம் சேர்ப்பதற்காகக் கிளினிக்குகளில் உதவியாளராக நிற்பவர்கள், பொது சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் படிப்பவர்கள், ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்துப் பல்கலைக்கழகங்களின் குறுகிய காலப் பயிற்சிகளில் சேர்பவர்கள் என்று ஒரு பெருங்கூட்டமே காத்திருக்கிறது. எத்தனை பட்டம், எத்தனை சான்றிதழ்! ஊரில் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்டவர்கள் இவர்கள்.

மாணவர் விசாவில் இருப்பவருக்கு அமெரிக்க அரசின் கல்விக் கடன் கிடையாது. அங்குள்ள தனியார் நிறுவனங்களில் கடன் வாங்கப் பெரும்பாலும் அந்நாட்டவர் ஒருவர் பிணை நிற்க வேண்டும். உறவுக்காரர் இல்லையென்றால் நம்மூர் வங்கிக்கு வீட்டுப் பத்திரம் போகிறது. பட்டம் பெற்றபின் ஓ.பி.டி. அனுமதியில் ஓராண்டு வேலை பார்க்கலாம். கணினித் துறையினருக்குக் கிடைக்கும் கூடுதல் இரண்டு ஆண்டுகள் பல் மருத்துவருக்குக் கிடையாது. பிறகு எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல். ஆண்டுக்கு 85,000 இடங்கள் கொண்ட அந்தக் குலுக்கலில் மென்பொருள் நிறுவனங்களின் விண்ணப்பங்களோடு பல் மருத்துவரின் விண்ணப்பமும் போட்டியிட வேண்டும். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. அந்நாட்டுக்குள் இருந்தபடியே மாணவர் விசாவிலிருந்து மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று பின்னர் விளக்கம் வந்தது. ஆனால் கடன் வாங்கிச் சென்ற குடும்பத்துக்கு அந்தச் சில வாரங்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் அமெரிக்காவைத் திட்டித் தீர்ப்பது எளிது. திட்டுவதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா மூன்றும் வெளிநாட்டுப் பல் மருத்துவருக்கு எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் வைக்கின்றன. அவை கடினமானவை, செலவும் அதிகம். பிரிட்டனில் தேர்வு எழுத இடம் கிடைப்பதே பெரும்பாடு. இருந்தாலும் தேறியவரை மறுபடியும் கல்லூரி வகுப்பில் உட்கார வைப்பதில்லை. அமெரிக்காவும் அப்படிச் செய்யலாம். ஆனால் நமது வழக்கு வாஷிங்டனோடு அல்ல, டெல்லியோடு.

2023 செப்டம்பரில் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம், உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பின் அங்கீகாரத்தைப் பத்து ஆண்டுகளுக்குப் பெற்றது. இங்குள்ள எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு அமெரிக்கக் கதவு சாத்தப்படாமல் இருக்க அந்த ஏற்பாடு தேவைப்பட்டது, செய்து முடித்தார்கள். பல் மருத்துவத்துக்கு யார் செய்தார்கள்? 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டமே, வெளிநாட்டு அமைப்புகளோடு பேசிப் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு செய்யப் பல் மருத்துவ கவுன்சிலுக்கு அதிகாரம் தந்தது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் பி.டி.எஸ். பட்டத்தை அப்படியே ஏற்று உரிமம் தரும் நிலை மேலே சொன்ன நான்கு நாடுகளில் ஒன்றில்கூட இல்லை. 2023இல் ஆஸ்திரேலியாவுடன் கல்வித் தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்க ஒப்பந்தம் கையெழுத்தானபோது பெரிதாகக் கொண்டாடினோம். தொழில் பதிவு அதில் அடங்காது என்பதை உரக்கச் சொன்னவர்கள் குறைவு.

முயன்றவர்களுக்குப் பலன் கிடைத்திருக்கிறது. கோடா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கப் பல் மருத்துவக் கல்வி அங்கீகார ஆணையம் வெளிநாட்டுக் கல்லூரிகளின் விண்ணப்பங்களையும் ஏற்கிறது. ஜெத்தாவில் உள்ள மன்னர் அப்துல் அஜீஸ் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பிரிவு அப்படி விண்ணப்பித்து, ஆய்வுக்கு உட்பட்டு, அங்கீகாரம் வாங்கியது. மெக்சிகோவின் ஒரு கல்லூரியையும் குட்டி நாடான மால்டோவாவின் அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்தையும் கலிபோர்னியா மாநிலம் தானே ஆய்வு செய்து ஏற்றது. தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத நாடு மால்டோவா.

நம் பட்டம் ஏன் அப்படி ஏற்கப்படவில்லை என்பதற்கு ஒரு சங்கடமான காரணம் உண்டு. நாட்டில் 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, ஆண்டுக்கு 25,000க்கு மேல் இடங்கள். ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் ஆசிரியர்களும் நோயாளிகளும் நிறையும் கல்லூரி இவற்றில் ஒன்றுகூட இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? அப்படிப்பட்ட கல்லூரியும், காலை எட்டு மணிக்கே புறநோயாளிகள் வரிசை கட்டும் கல்லூரியும் ஒரே பெயரில் ஒரே பட்டத்தைத் தருகின்றன. எது நெல், எது பதர் என்று நாமே பிரித்துச் சொல்லாதபோது அயல்நாட்டான் மொத்த மூட்டையையும் ஒதுக்கி வைக்கிறான்.

எனவே முதல் வேலை இங்கே நடக்க வேண்டும். 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம், கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரவரிசைப்படுத்தத் தனி வாரியத்துக்கு வழி செய்திருக்கிறது. அந்த மதிப்பீடு கல்லூரி வாரியாக, நோயாளிகள் எண்ணிக்கையோடும் ஆசிரியர் வருகைப் பதிவோடும் பொதுவெளிக்கு வர வேண்டும். தேறாத கல்லூரிக்கு அனுமதி நீட்டிக்கக் கூடாது. தேறிய கல்லூரிகளின் சார்பில் ஆணையமே நாடு நாடாகப் போய்ப் பேச வேண்டும். மருத்துவத்துக்கு இருப்பதுபோல் பல நாடுகளும் நம்பும் ஒரே உலக அமைப்பு பல் மருத்துவத்துக்கு இல்லை என்பதால், தனித்தனியாகப் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை.

வெளிநாடு போகிறவர்களுக்காக அரசு ஏன் மெனக்கெட வேண்டும் என்ற கேள்வி எழும். உள்ளூரில் மாதம் இருபதாயிரம் ரூபாய்க்கு வேலை தேடும் பல் மருத்துவர் ஒருபுறம், பல் மருத்துவரே இல்லாத ஆரம்ப சுகாதார நிலையம் மறுபுறம் என்றிருக்கும் நாட்டில் அந்தக் கேள்வி நியாயமானதே. அரசுப் பணியிடங்களைக் கூட்ட வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சர்வதேச ஆய்வைத் தாங்கும் அளவுக்கு உயர்ந்த கல்லூரியில், போகிறவர் மட்டுமா படிப்பார்? இங்கேயே இருந்து நம் பல்லைப் பிடுங்கப் போகிறவரும் அங்கேதான் படிப்பார். போனவர்கள் எல்லாரும் திரும்பாமல் போனவர்களும் அல்லர். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பட்டம் பெற்ற ரஃபியுதீன் அகமது திரும்பி வந்து 1920இல் கல்கத்தாவில் தொடங்கியதுதான் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. இரண்டு கோடி ரூபாய் கடனோடு நிற்பவருக்குத் திரும்பி வரும் சுதந்திரம் இல்லை.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஏஜென்ட் விற்பது சீட்டை மட்டுமே, உரிமத்தை அல்ல. எந்த மாநிலத்தில் உரிமம், எந்த விசாவில் வேலை, வேலை கிடைக்காவிட்டால் மாதத் தவணை எவ்வளவு என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் கிடைக்கும்வரை பத்திரத்தை வங்கிக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

டெல்லி நகரும்வரை தமிழ்நாடு காத்திருக்கத் தேவையில்லை. 1953 முதல் இயங்கிவரும் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை, பாடமும் ஆங்கிலத்தில்தான். அந்தக் கல்லூரி கோடா அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க மக்கள் நல்வாழ்வுத் துறை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே பணம் ஒதுக்க வேண்டும். கடலூர், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகளும் அடுத்து வரட்டும்.