சீட்டு வாங்கிவிட்டால் ஏரி நமதாகுமா?

வேடந்தாங்கலைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு பெரிய மனக்குறை. சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் காரில் போய், சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தால், உரக்கப் பேசாதே என்கிறார்கள். கரையைவிட்டு இறங்காதே என்கிறார்கள். "இவ்வளவு பெரிய ஏரியில் நாலு படகு விட்டால் என்ன? குழந்தைகளுக்கு ஓர் ஊஞ்சல், கேட்பதற்குக் கொஞ்சம் சங்கீதம் - இதெல்லாம் வேண்டாமா?" என்று நண்பர் ஒருவர் என்னிடம் பொரிந்து தள்ளினார். நன்றாகப் படித்தவர்; நாவல்கள் வாசிக்கிறவர்; நாவலில் ஒரு நாய்க்குட்டி செத்தால் கண்ணீர் விடுகிறவர்.

அவருக்கும், அவரைப் போன்றவர்களுக்கும் நான் சொல்லுவது இதுதான்: வேடந்தாங்கல் பூங்கா அல்ல, ஐயா, அது பிரசவ ஆஸ்பத்திரி! நாம் பார்வையாளர் நேரத்தில் வந்து போகிறவர்கள். பிரசவ அறை வாசலில் நின்றுகொண்டு யாராவது ஊஞ்சல் கேட்பார்களா?

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியதும், தண்ணீருக்கு நடுவே நிற்கும் கடப்ப மரங்களில் கூழைக்கடாவும், நத்தைகுத்தி நாரையும், நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் நரியும் பூனையும் அண்ட முடியாது. அந்தத் தண்ணீர்தான் அவற்றின் கோட்டைச் சுவர். அதில் படகு விடச் சொல்லுகிறீர்கள்! ஆளரவத்துக்குப் பயந்து தாய்ப் பறவை எழுந்து பறந்தால், இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் வாடிச் சாகும். காத்திருக்கும் காக்கை முட்டையைக் கொத்திக்கொண்டு போகும். பறவைகளைக் கூட்டமாகப் பறக்கவைத்துப் படம் பிடிப்பதற்காகக் கை தட்டுகிறோமே, அந்த வேடிக்கைக்கு விலை கொடுப்பது நாமல்ல.

அந்த ஊர்க்காரர்களைப் பாருங்கள். அவர்களுக்கு யார் விதி எழுதிக் கொடுத்தார்கள்? வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்களே போய் முறையிட்டார்கள். செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் 1798-ல் பறவைகளுக்குப் பாதுகாப்பு அளித்து 'கவுல்' எழுதிக் கொடுத்தார் என்பது ஊர் வரலாறு. பறவைகளின் எச்சம் விழுந்து உரமேறிய ஏரித் தண்ணீர் வயலில் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்று அந்த விவசாயிகளுக்குத் தெரியும். தீபாவளிக்குக்கூட அங்கே வெடிச் சத்தத்தைத் தவிர்க்கிறார்கள். வருஷத்துக்கு ஒருநாள் வரும் பண்டிகையில் அவர்கள் பட்டாசைத் துறக்கிறார்கள். நம்மால் இரண்டு மணி நேரம் கைபேசிப் பாட்டைத் துறக்க முடியவில்லை!

"அப்படியானால் சாமானிய ஜனங்களுக்குப் பொழுதுபோக்கே வேண்டாமா?" என்று கேட்கலாம். பேஷாக வேண்டும். படகு வேண்டுமென்றால் முட்டுக்காடு இருக்கிறது. காற்று வாங்க மெரீனா இருக்கிறது. எல்லா இடத்திலும் எல்லாம் இருக்கவேண்டும் என்ற பேராசைக்குத்தான் பொழுதுபோக்கு என்று பெயரா? ஒரு கூழைக்கடா தன் குஞ்சுக்குத் தொண்டைப் பையிலிருந்து மீன் ஊட்டுவதைக் கால் மணி நேரம் பேசாமல் பார்ப்பது பொழுதுபோக்கு இல்லையா?

விதி செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'கூடாது' என்று மட்டும் சொன்னால் ஜனங்களுக்குக் கோபந்தான் வரும். ஏன் கூடாது என்று எடுத்துச் சொல்லக் கரையில் விஷயம் தெரிந்த ஆட்களை நிறுத்துங்கள். பறவைகளின் பெயர் தெரிந்த உள்ளூர் இளைஞர்களைவிட அதற்கு யார் பொருத்தம்? பெரிய மனிதர் வந்தால் விதி தளரும் என்ற வழக்கம் மட்டும் வேண்டாம். நாரைக்கு மந்திரியும் ஒன்றுதான், மளிகைக் கடைக்காரரும் ஒன்றுதான்.

2022-ல் உலகச் சிறப்புள்ள நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலில் வேடந்தாங்கல் சேர்ந்தபோது நாமெல்லோரும் பெருமைப்பட்டோம். பெருமைப்படுவதற்குச் செலவில்லை. சும்மா இருப்பதற்குத்தான் கொஞ்சம் செலவாகிறது. வாங்கிய சீட்டு கரையில் நிற்பதற்குத்தான். ஏரிக்குக் கிரயப் பத்திரம் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.