சொத்து வரி ரசீதில் ஒளிந்திருக்கும் ஒரு 'வரி'!

அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி கட்டுகிறோம். மொத்தத் தொகையைப் பார்த்து ஒரு பெருமூச்சு, போனில் ஒரு தட்டு, அத்தோடு மறந்துவிடுகிறோம். அந்தத் தொகைக்குள் 'நூலக வரி' என்று ஒன்றும் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? ரூபாய்க்கு 10 பைசா. கணக்கில் எடுத்துக்கொள்ளும் சொத்து வரி அரையாண்டுக்கு 2,000 ரூபாய் என்றால், நூலகத்துக்கு 200 ரூபாய். வருடத்துக்கு 400. வாடகை வீட்டில் இருப்பவர்களும் 'நமக்கென்ன' என்று நகர வேண்டாம். ஹவுஸ் ஓனர் கட்டும் வரி எப்படியும் வாடகையில் வந்து சேரும்!

ஆக, நூலகம் நமக்கு அரசு கொடுக்கும் இலவசம் இல்லை. முன்பணம் கட்டிவிட்டு, போய் வாங்காமல் இருக்கும் பொருள்.

சீர்காழிக்காரர் போட்ட விதை

இந்த ஏற்பாட்டுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-ல். விடுதலை பெற்ற இந்தியாவில் நூலகத்துக்கென்று சட்டம் போட்ட முதல் மாகாணம் நம்முடையதுதான். அப்போது கல்வி அமைச்சர் தி.சு.அவினாசிலிங்கம். அதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே விடாமல் வாதாடியவர், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அவர் பிறந்த நாளான ஆகஸ்ட் 12-ஐத்தான் நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

சட்டத்தின் அழகே அந்த வரிதான். வருடா வருடம் பட்ஜெட்டில் யார் மனது வைப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். ஊரில் வீடு பெருகப் பெருக நூலகத்துக்கான பணமும் பெருகும். இன்று தமிழ்நாட்டில் 4,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருப்பதற்கு இதுவே அஸ்திவாரம்.

பணம் ஒரு கையில், சாவி இன்னொரு கையில்

இப்போது நம்ம ஏரியாவுக்கு வருவோம். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. மொத்தம் 70 வார்டுகள். ஏரிக்கரை வரை அடுக்குமாடிகள் வந்துவிட்டன. அப்படியானால் நூலக வரியும் ஏறியிருக்க வேண்டுமே?

இங்கேதான் சிக்கல். வரியை வசூலிப்பது உள்ளாட்சி. நூலகத்தை நடத்துவது மாவட்ட நூலக ஆணைக்குழு. வசூலித்ததை உள்ளாட்சி அங்கே செலுத்த வேண்டும். பல ஊர்களில் இது இழுத்துக்கொண்டே போகிறது, பாக்கி சேர்கிறது என்பது நூலகத் துறையில் நெடுநாள் புகார். ரோடு, குப்பை, தண்ணீர் என்று ஆயிரம் அவசரங்கள் இருக்கும் இடத்தில், புத்தகத்துக்கான பணம் கடைசி வரிசையில்தான் நிற்கும்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? காலையில் தாம்பரத்திலிருந்து கிளம்பும் மின்சார ரயிலில் பாருங்கள். டி.என்.பி.எஸ்.சி. கைடு, சாப்பாட்டு டப்பாவோடு பிள்ளைகள் ஏறுவார்கள். கிண்டியில் இறங்கி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் பஸ் பிடிப்பார்கள். அங்கே சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் தனி இடம் உண்டு. ஒரே ஹாலும் கிச்சனுமாக இருக்கும் வீட்டில், தம்பியின் டி.வி. சத்தத்துக்கு நடுவே படிக்க முடியாத பெண்ணுக்கு ஒரு மேஜை, ஒரு ஃபேன், ஒரு சுத்தமான கழிப்பறை இருந்தால் போதும். அது நடந்துபோகும் தூரத்தில் இருந்தால் தினமும் இரண்டு மணி நேரம் மிச்சம். 'வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும்' என்று ரங்கநாதன் அன்றே சொன்னது இதற்கும் பொருந்தும்தானே?

ஸ்கேன் செய்தால் போதுமா?

'எல்லாம்தான் போனில் இருக்கிறதே' என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது, உண்மைதான். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய புத்தகங்களும் இதழ்களும் கிடைக்கின்றன. சிங்கப்பூர்த் தமிழர்கள் ஒரு படி மேலே போய், 50 ஆண்டுகளில் அங்கே வெளிவந்த சுமார் 350 தமிழ் நூல்களை மின்வடிவமாக்கி, 2015-ல் தங்கள் தேசிய நூலகத்துக்கே கொடுத்தார்கள்.

மின்னூலகம் வசதிக்காக மட்டும் இல்லை. 1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அதில் போயின. நெருப்புதான் வர வேண்டும் என்பதில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தது என்று நமக்குத் தெரியும். புறநகரில் நூலகம் கட்டுகிறவர்கள் புத்தகங்களை மாடியில் வைப்பதும், அரிய நூல்களுக்கு வெளியூரில் ஒரு மின்பிரதி வைப்பதும் அடிப்படைத் தேவை.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டால் அது பாதி வேலைதான். உள்ளே இருக்கும் சொல்லைத் தேடினால் கிடைக்க வேண்டும். அதற்குப் படத்தை எழுத்தாக மாற்றி, பிழை திருத்தும் ஆட்கள் வேண்டும். சர்வர் வாங்க ஒருமுறை செலவு, ஆட்களுக்கு மாதா மாதம் சம்பளம். திட்டம் போடும்போது இரண்டாவதுதான் மறந்துபோகிறது.

பலகையில் யார் பெயர் இருந்தால் என்ன?

மூன்றாவது, நிர்வாகம். 2010 செப்டம்பரில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை, 2011 நவம்பரில் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்குவதாக அறிவிப்பு வந்தது. வழக்குகள் போடப்பட, உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் தப்பியது. இத்தனை பெரிய நூலகத்தின் கதி ஒரே அறிவிப்பில் தலைகீழாகும் நிலையில் இருந்தது என்பதுதான் கவலை. மறுபக்கம் எழும்பூர் கன்னிமாராவைப் பாருங்கள். 1896-ல் திறந்தது. ஆட்சிகள் எத்தனையோ மாறியும் நிற்கிறது. இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதியைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. கொல்கத்தா தேசிய நூலகத்தோடு ஒரே பட்டியலில் இருக்கும் பொக்கிஷம், நமக்கு ஒரு லோக்கல் ட்ரெயின் டிக்கெட் தூரம்!

நாம் என்ன செய்யலாம்?

* அடுத்த ரசீதில் நூலக வரி எவ்வளவு என்று பாருங்கள்.
* தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மாநகராட்சியிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: நூலக வரியாக எவ்வளவு வசூல்? எவ்வளவு ஆணைக்குழுவுக்குப் போனது? பாக்கி எவ்வளவு?
* பதிலை எடுத்துக்கொண்டு வார்டு கவுன்சிலரிடமும் பகுதி சபைக் கூட்டத்திலும் பேசுங்கள்.
* உங்கள் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சேருங்கள். முடிந்தவர்கள் 1,000 ரூபாய் செலுத்திப் புரவலர் ஆகலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் உள்ளே போய் உறுப்பினர் கார்டு வாங்குங்கள். ஆள் வராத நூலகத்துக்குப் பணம் கேட்டால் யார் கொடுப்பார்கள்?