கீழ்க்காய்நெல்லியும் அதன் புகழ்பாடிகளும்

செங்கண்மாரி என்றதும் கீழ்க்காய்நெல்லியை நினையாத தமிழ்க் குடும்பம் ஈழத்தில் அரிது. மழைக்குப் பின் வேலியோரத்திலும் தோட்டத்து வரம்பிலும் தானே முளைக்கும் இச்சிறு பூண்டை வேரோடு பிடுங்கி, அம்மியில் அரைத்து, மோரிலோ பாலிலோ கரைத்து வெறுவயிற்றிற் கொடுப்பதும், எண்ணெயை விலக்கிப் பத்தியங் காப்பதும் பாட்டிமார் வழிவந்த முறை. இதனை மூடநம்பிக்கையெனத் தள்ளுவோர் ஒருபுறமிருக்க, இதன் புகழைப் பாடுவோரே இம்மூலிகைக்குப் பெருந்தீங்கு இழைக்கின்றனர்.

அவர்கள் காட்டும் பெருஞ்சான்று, 1988இல் லான்செற் சஞ்சிகையில் வெளிவந்த சென்னை ஆய்வு. ஈரலழற்சி 'பி' வைரசை உடலிற் காவித் திரிந்தோருக்கு உலர்த்திய மூலிகை 200 மில்லிகிராம், நாளுக்கு மூன்று முறையாக 30 நாள் கொடுக்கப்பட்டது. 37 பேரில் 22 பேரின் குருதியில் வைரசின் அடையாளம் மறைந்தது. போலி மருந்துண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நிகழ்ந்தது. மேடைதோறும் இது முழங்கப்படுகின்றது. 1990இல் வெளிவந்த தாய்லாந்து ஆய்வு இப்பயனைக் காணவில்லை என்பதை அம்மேடைகள் அறிவதில்லை, அறிந்தாலும் சொல்வதில்லை.

எந்தப் பூண்டு என்பதிலேயே குழப்பம். நம் நூல்கள் பல இன்றும் பிலாந்தஸ் நிரூரி என எழுதுகின்றன. அப்பெயருக்குரியது அமெரிக்கக் கண்டத்துத் தாவரம். இங்கு வளர்வன அமாறஸ், டெபிலிஸ் முதலிய இனங்கள். பாட்டியின் கண் இலையடியில் நிரையாகத் தொங்கும் காயைப் பார்த்துத் தேர்ந்தது. பொதியிலடைத்த பொடியில் எக்கண் எதனைத் தேரும்?

இதனினும் கொடியது, எந்தச் செங்கண்மாரி என்று வினவாமை. கண் மஞ்சளித்தல் நோயன்று, நோயின் குறி. ஈரலழற்சி 'ஏ' பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். மூலிகை குடித்தவனும் குடியாதவனும் ஒருங்கே எழுந்து நடப்பர். பெயர் மட்டும் மூலிகைக்கு! பித்தக்கல் வழியை அடைத்திருப்பின் அரைத்த விழுது அதனைக் கரைக்காது. சேற்று வயலில் நின்ற கமக்காரனுக்குக் காய்ச்சலோடு கண்ணும் மஞ்சளித்தால் அது எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து காலந்தாழ்த்தாது வேண்டும். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் இந்நோய் உயிர்ப்பலி கொண்டது. அத்தகையோனைப் பத்தியத்தில் இருத்தி நாட்களைக் கழிப்பது மரபைப் பேணுவதாகுமா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சித்த மருத்துவம், மேலை மருத்துவம், தாவரவியல் ஆகிய மூன்றும் கற்பிக்கப்படுகின்றன. பூண்டின் இனத்தைத் தாவரவியலார் உறுதிசெய்ய, பக்குவத்தைச் சித்த மருத்துவர் வரையறுக்க, நோயாளரின் குருதியை மருத்துவபீடத்தார் பரிசோதிக்கட்டும். மேடைப் பேச்சாளர் அதுவரை வாய்மூடியிருப்பின், வேலியோரத்துப் பூண்டுக்கு அதுவே அவர் செய்யும் முதற் பணிவிடை.