கடைசியில் வருகிறவர்க்கும் ஒரு தடம்

2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள் பிற்பகல். விடுதிப் பொது அறையில் தொலைக்காட்சியின் முன் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தோம். பாரிஸ் நகரில் ஒலிம்பிக் விழா நடந்துகொண்டிருந்தது. மகளிர் 100 மீட்டர் ஓட்டத்தின் பூர்வாங்கச் சுற்று. ஓட வந்தவர்களின் நாடுகளில் சிலவற்றை உலகப் படத்தில் சுட்டிக்காட்டச் சொல்லியிருந்தால் எங்களில் ஒருவரும் தேறியிருக்க மாட்டோம். ஒரு பெண் மற்றவர்களுக்கு மிகவும் பின்தங்கி, 13.42 விநாடியில் கடைசியாக வந்து சேர்ந்தார். "இதற்காகவா விமானம் ஏறிப் போனார்? சாப்பாட்டு மணி அடித்தால் நாம் மெஸ்ஸுக்கு ஓடும் வேகம்கூட இல்லையே!" என்றார் ஒரு நண்பர். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

சற்று நேரத்தில் அந்தப் பெண் தம் மார்பில் குத்தியிருந்த எண் அட்டையைத் திருப்பிக் காட்டினார். அதன் பின்புறத்தில் கையால் எழுதியிருந்தது: கல்வி, விளையாட்டு, எங்கள் உரிமை. அவர் பெயர் கிமியா யூசோபி, ஆப்கானிஸ்தானத்தின் பெண். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் பள்ளியில் படிக்கத் தடை விதித்திருக்கும் நாடு அது. அந்நாட்டின் பெயரால் பாரிசுக்கு வந்தவர்கள் மொத்தம் 6 பேர். 3 ஆண்கள், 3 பெண்கள். நாடு சிறிதன்று, அணிதான் சிறிது. அறையில் சிரிப்பு அடங்கியது. ஆனால் அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. அதைப் பற்றித்தான் இங்கே நான்கு வார்த்தை எழுத எண்ணுகிறேன்.

ஒலிம்பிக்கில் ஒரு விதி உண்டு. குறித்த அளவு வேகமோ தூரமோ எட்டித் தகுதி பெற்றவர்கள்தாம் போட்டியிடலாம் என்பது பொது விதி. ஆனால் அப்படித் தகுதி பெற்றவர் ஒருவரும் இல்லாத நாடுகளும் வெறுங்கையோடு நின்றுவிடக் கூடாது என்பதற்காகத் தடகளத்திலும் நீச்சலிலும் சில இடங்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த நாடுகள் தம்முடைய சிறந்த வீரர் ஒருவரையும் வீராங்கனை ஒருவரையும் அனுப்பலாம். பாரிசுக்கு பெலீஸ், நௌரு, லீக்டன்ஸ்டைன், சோமாலியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் நாட்டுக்கு ஒருவரே! அந்த ஒருவரே அணி, அவரே தலைவர், கொடி பிடிப்பவரும் அவரே.

இந்த ஏற்பாடு வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூறும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"உலகத்தின் தலைசிறந்த களத்தில் தகுதியற்றவர்க்கு என்ன வேலை? தரம் கெடாதா?" என்பது முதற் கேள்வி. தரம் கெடவில்லை என்பதே என் விடை. குறுந்தொலை ஓட்டத்தில் பூர்வாங்கச் சுற்று என்று ஒன்றை வைத்திருப்பதே இதற்காகத்தான். இவர்கள் முதலில் தமக்குள் ஓடுகிறார்கள். முன்னே வருகிற சிலர் மட்டும் அடுத்த சுற்றுக்குப் போய் உலகப் புகழ் பெற்றவர்களோடு ஓடுகிறார்கள். ஒருவருடைய பதக்கமும் இதனால் பறிபோவதில்லை. பத்து நிமிடப் பொழுது போகிறது, அவ்வளவுதான்.

2000ஆம் ஆண்டு சிட்னியில் நடந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆப்பிரிக்காவின் ஈக்குவடோரியல் கினி நாட்டு எரிக் முசம்பானி 100 மீட்டர் நீச்சலுக்கு வந்தார். நீந்தக் கற்றுக்கொண்டு எட்டு மாதமே ஆகியிருந்தது. பழகியது ஓர் ஓட்டலின் சிறு குளத்தில். 50 மீட்டர் நீளமுள்ள நீச்சல் குளத்தை அவர் கண்டதே சிட்னியில்தான். அவரோடு நீந்த வேண்டிய இருவரும் முறை தவறி முன்னதாகவே குதித்ததால் நீக்கப்பட்டனர். தன்னந்தனியாக நீந்தினார். திரும்பி வரும்போது கைகால் ஓய்ந்து மூழ்கிவிடுவாரோ என்று பார்த்தவர்கள் அஞ்சினார்கள். பிறகு அரங்கமே எழுந்து ஆரவாரம் செய்ய, 1 நிமிடம் 52.72 விநாடியில் கரை தொட்டார். வென்றவர் எடுத்துக்கொண்ட நேரத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்! அந்த முசம்பானி பின்னாளில் தம் நாட்டு நீச்சல் அணிக்கே பயிற்சியாளரானார். தம் நாட்டுக்கு நீச்சல் என்ற எண்ணத்தைக் கொண்டு சென்றவர் கடைசியில் வந்த அவர்தான், முதலில் வந்தவரல்லர்.

இரண்டாவது காரணம் சற்று வலுவானது. "இந்தச் சலுகையைப் பதவியில் இருப்பவர்கள் தம் உறவினர்க்கும் வேண்டியவர்க்கும் கொடுத்துவிடுகிறார்களே!" என்பது அது. இதை நான் மறுக்கவில்லை. 2023ஆம் ஆண்டு சீனத்தின் செங்டு நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டு விழாவில், நம்மைப் போன்ற மாணவர்களுக்கான விழாவில், சோமாலியாவின் பெயரால் ஓடிய ஒரு பெண் 100 மீட்டரை 21.81 விநாடியில் கடந்தார். அவர் ஓட்டக்காரரே அல்லர் என்பது பின்னர் வெளிப்பட்டது. அந்நாட்டு அரசு வெட்கித் தலைகுனிந்து, தடகளச் சங்கத்தின் தலைமைப் பதவியில் இருந்தவரை இடைநீக்கம் செய்தது.

ஆனால் அதே சோமாலியாவின் இன்னொரு பெண்ணையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2008இல் பெய்ஜிங்குக்கு இருவர் மட்டுமே அடங்கிய அணியில் ஒருவராகச் சென்றவர் சமியா யூசுப் ஓமர். அப்போது அவர் பதினேழு வயதை ஒட்டிய சிறுமி. உள்நாட்டுப் போரால் சிதைந்த மொகதிஷு நகரில் பயிற்சி செய்தவர். 200 மீட்டர் ஓட்டத்தில் 32.16 விநாடி, மற்றவர்களுக்கு வெகு தூரம் பின்னால், கடைசி. அரங்கம் அவருக்குக் கைதட்டியது. அடுத்த ஒலிம்பிக்கில் நன்றாக ஓட வேண்டும், அதற்குத் தக்க பயிற்சியாளர் வேண்டும் என்ற ஆசையோடு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். 2012ஆம் ஆண்டு, லண்டன் ஒலிம்பிக் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன், லிபியாவிலிருந்து மத்தியதரைக் கடலைப் படகில் கடக்க முயன்றபோது இறந்துபோனார்.

செங்டுவில் ஓடியவரும் கடைசி. பெய்ஜிங்கில் ஓடியவரும் கடைசி. இரண்டு கடைசியும் ஒன்றா? முன்னதில் குற்றம் அனுப்பியவர்களுடையது. அவர்களைத் தண்டிக்க வேண்டும். அதைக் காட்டிச் சமியாக்களுக்குக் கதவை அடைப்பது, திருடன் புகுந்தான் என்பதற்காக வீட்டுக்கு வாசலே வேண்டாம் என்று சுவர் எழுப்புவதைப் போன்றது.

மூன்றாவது காரணத்தைச் சொல்பவர்கள் பொருளாதாரம் படித்த நண்பர்கள். "ஏழைச் சிறு நாடு சோற்றுக்கும் மருந்துக்கும் செலவிட வேண்டியதை ஓட்டத்துக்குச் செலவிடலாமா?" என்று அவர்கள் கேட்கிறார்கள். இதற்கு விடை சொல்லத்தான் செயின்ட் லூசியாவுக்குப் போக வேண்டும்.

கரிபியன் கடலில் 617 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு தீவு. மக்கள் ஏறத்தாழ ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர். 1979இல் விடுதலை பெற்றது. பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்ற ஆர்தர் லூயிசும், இலக்கியத்துக்கு அதைப் பெற்ற டெரிக் வால்காட்டும் பிறந்த மண் அது. இருவர் பிறந்த நாளும் சனவரி 23 என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை. 1996 முதல் ஒலிம்பிக்குக்கு ஆள் அனுப்பி வந்த அந்நாடு, 28 ஆண்டுகள் ஒரு வெண்கலமும் இன்றித் திரும்பியது. 2009இல் தீவின் தென்பகுதியில் இருந்த மருத்துவமனை தீக்கு இரையானபோது, அங்கிருந்த விளையாட்டரங்கத்தையே மருத்துவமனையாக மாற்றினார்கள். பல ஆண்டுகள் அது அப்படியே இருந்தது. சோறா ஓட்டமா என்ற கேள்விக்கு அந்த மக்கள் சொன்ன விடை இது: நோயாளிக்கு அரங்கத்தைக் கொடுத்தார்கள், ஓடுகிற பிள்ளைகள் புல்தரையில் ஓடினார்கள். குறை சொல்ல முடியுமா?

அப்படிப் புல்தரையில், காலணி இன்றி, பள்ளிச் சீருடையோடு ஓடிப் பழகிய ஒரு சிறுமிதான் ஜூலியன் ஆல்பிரட். தந்தையை இழந்தவர். பதினான்கு வயதில் பயிற்சிக்காகத் தாய்நாட்டை விட்டு ஜமைக்காவுக்குப் போனார். பிறகு அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மாணவியானார். கிமியாவைப் பார்த்து நாங்கள் சிரித்ததற்கு மறுநாள் இரவு, நம் நாட்டு நேரப்படி நள்ளிரவு கடந்த வேளையில், மழையில் நனைந்த தடத்தில் இறுதி ஓட்டம் நடந்தது. 10.72 விநாடி! உலகச் சாம்பியனான அமெரிக்கரைப் பின்தள்ளித் தங்கம் வென்றார் ஜூலியன். சில நாள் கழித்து 200 மீட்டரில் வெள்ளியும் பெற்றார். அந்நாட்டு அணியில் இருந்தவர்கள் 4 பேர். வென்ற பின் அவர் தம்மைப் பற்றிப் பெருமை பேசவில்லை. தம் தீவில் ஓடுவதற்கு ஒழுங்கான இடம் இல்லை, இந்தப் பதக்கமாவது ஓர் அரங்கம் கட்ட உதவட்டும் என்றே பேசினார்.

அதே மாலை, அதே அரங்கில், பக்கத்துச் சிறு தீவான டொமினிக்காவும் தன் முதற் பதக்கத்தைப் பெற்றது, அதுவும் தங்கம். டொமினிகன் குடியரசு என்பது வேறு. இது எழுபதாயிரம் பேர் அளவே வாழும் தனி நாடு. நம் பக்கத்து நகராட்சி ஒன்றின் மக்கள் தொகை! 2017இல் மரியா புயல் அதைச் சூறையாடிவிட்டுப் போனது. தியா லபோண்ட் மும்முறைத் தாண்டலில் 15.02 மீட்டர் தாண்டினார். அவர் 2016இல் ரியோவுக்கும் போயிருந்தார். தகுதிச் சுற்றோடு திரும்பினார். 2021இல் நடந்த டோக்கியோ விழாவில் இறுதிச் சுற்று வரை வந்தார், பதக்கம் இல்லை. 2024இல் தங்கம். ரியோவில் தோற்றவரைப் பார்த்து, "இனி எதற்கு?" என்று அந்தத் தீவு கேட்டிருந்தால் பாரிஸ் ஏது? ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், வெற்றியுடைமைக்கு என்று ஒன்று வகுக்கவில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

"இவர்கள் எல்லாம் அமெரிக்காவில் பயின்றவர்கள்தாமே? இது அந்தத் தீவின் வெற்றியா?" என்று இன்னொரு நண்பர் கேட்டார். உண்மைதான். சிறு நாட்டுக்குக் களமும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. பிள்ளைகள் கடல் கடந்து போய்த்தான் கற்க வேண்டியிருக்கிறது. ஆனால் நாம் மட்டும் யார்? ஊரில் கிடைக்காத படிப்புக்காக இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து, மொழி தெரியாத இந்த வடநாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் அல்லவா? நாளை நம்மில் ஒருவர் பெயர் பெற்றால், "அது உன் ஊரின் பெருமை அன்று, இந்தப் பல்கலைக்கழகத்தின் பெருமை" என்று யாராவது சொன்னால் நம் தாய் தந்தையர் ஒப்புவார்களா? கற்ற இடத்துக்கும் பெருமை உண்டு. அனுப்பிய இடத்துக்கும் உண்டு. பங்கு போட்டுச் சண்டையிட வேண்டியதில்லை.

இத்தனையும் எழுதக் காரணம் ஒலிம்பிக் மட்டும் அன்று. சென்ற ஆண்டு நம் சங்கக் கூட்டத்தில், பல்கலைக்கழக விளையாட்டு விழாவின் தொடர் ஓட்டத்துக்கு நம் சார்பில் நால்வரை அனுப்பலாமா என்ற பேச்சு எழுந்தது. "கடைசியில்தான் வருவோம். எதற்கு வீண் அவமானம்?" என்றார் ஒருவர். கை தூக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்பதற்கே கைகள் மிகுதியாக எழுந்தன. அவற்றுள் என் கையும் ஒன்று. முதலாண்டு மாணவர் இருவர் ஓட விரும்பி வந்திருந்தனர். ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்கள். பிறகு அவர்களை நம் கூட்டங்களில் நான் காணவில்லை.

அன்று நாம் காப்பாற்றிய மானம் எது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. விழா நடந்தது; மற்ற மன்றங்களின் பெயர்கள் ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாகக் கேட்டன; நம் பெயர் கேட்கவில்லை. கடைசியாக ஓடியிருந்தால் கடைசியாகவாவது நம் பெயர் கேட்டிருக்கும். 117 பேரை அனுப்பி ஒரு வெள்ளியும் ஐந்து வெண்கலமும் கொண்டுவந்த நாட்டின் பிள்ளைகளாகிய நாம், நால்வரை அனுப்பி ஒரு தங்கமும் ஒரு வெள்ளியும் கொண்டுபோன தீவிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்: அணியின் அளவு வெட்கப்பட வேண்டிய செய்தி அன்று, தடத்தில் கால் வைக்காமல் இருந்துவிடுவதே வெட்கம்.

இந்த ஆண்டுத் தொடர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கும் நாள் நெருங்குகிறது. என் பெயரைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். ஓட்டத்தில் நான் எப்படிப்பட்டவன் என்பது விடுதி நண்பர்களுக்குத் தெரியும். சிரிக்க விரும்புகிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். சென்ற ஆண்டு எழுந்து போன அந்த இரு தம்பிகளும் இதைப் படிக்க நேர்ந்தால், மாலை ஐந்து மணிக்கு விடுதி மைதானத்துக்கு வரட்டும். அவர்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். நான்காவது ஆளையும் தேட வேண்டும்.