கம்ப்யூட்டர் கணக்குக்கும் பூட்டு வேண்டும்

மொத்தக் கடைகளிலும் மண்டிகளிலும் இன்று மூன்று நான்கு கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ளன. பில் போடுமிடத்தில் ஒன்று, கணக்குப்பிள்ளையிடம் ஒன்று, குடோனில் ஒன்று, முதலாளி மேஜையில் ஒன்று. கொள்முதல் ரேட், பாக்கி விவரம், சம்பளப் பட்டியல், ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் பல கடைகளில் ஒரே ஃபோல்டரில் கிடக்கின்றன. அதை யார் வேண்டுமானாலும் திறக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். இது முறைதானா என்று வணிகப் பெருமக்கள் சிந்திக்க வேண்டுகிறோம்.

நம் முன்னோர்கள் இப்படி வியாபாரம் செய்யவில்லை. சரக்குச் சிட்டை குடோன் ஆளிடம் இருந்தது. பேரேடு கணக்குப்பிள்ளையிடம் இருந்தது. இரும்புப் பெட்டிச் சாவி முதலாளியின் இடுப்பில் இருந்தது. யாரும் அதை அவமானமாக எண்ணியதில்லை.

இன்று பூட்டுப் போடச் சொன்னால், "எல்லாம் நம்ம பிள்ளைகள்தானே, சந்தேகப்படலாமா?" என்று சில முதலாளிகள் தயங்குகிறார்கள். நமது கருத்து வேறு. ஒரு பாக்கி அழிந்துபோனாலோ, கொள்முதல் ரேட் போட்டிக் கடைக்குத் தெரிந்துவிட்டாலோ, அந்த ஃபோல்டரைத் திறக்கக்கூடிய அத்தனை பேர் மீதும் பழி விழும். பல வருஷம் உண்மையாக உழைத்த சிப்பந்தியும் தலைகுனிந்து நிற்க நேரிடும். கைக்கு எட்டாத கணக்கைப் பற்றி யாரும் அவரைக் கேட்க முடியாது. ஆகவே பூட்டு முதலாளியின் பொருளுக்கு மட்டுமின்றி, சிப்பந்தியின் மானத்துக்கும் காவல்.

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. ஃபோல்டர்கள் இருக்கும் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் உண்டாக்க வேண்டும். எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால் யார் செய்தது என்று பிரிக்க முடியாது. பிறகு கொள்முதல், சம்பளம், விலைப்பட்டியல் என்று தனித்தனி ஃபோல்டராக்க வேண்டும். விண்டோஸில் 'ஷேரிங்', 'செக்யூரிட்டி' என்று அனுமதி குறிக்க இரண்டு இடங்கள் உண்டு. நெட்வொர்க் வழியே வருபவருக்கு இரண்டில் எது குறைவோ அதுவே செல்லும். இரண்டிலும் 'எவ்ரிஒன்' என்ற பெயருக்கு முழு அனுமதி இருந்தால் பூட்டே இல்லை என்று பொருள். பார்த்தால் போதும் என்பவருக்கு 'ரீட்' அனுமதி மட்டும் கொடுக்கலாம்.

டேலி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பில் போடுபவருக்கு டேட்டா ஃபோல்டரில் எழுதும் அனுமதி இருந்தே ஆக வேண்டும். ஆகவே அங்கே வேறெதையும் வைக்கக் கூடாது. டேலிக்குள்ளேயே ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்து, யார் எதைப் பார்க்கலாம் என்று வரையறுக்க வேண்டும். 'டேலி வால்ட்' பாஸ்வேர்டு போட்டால், ஃபோல்டரை நகல் எடுத்துச் சென்றவரும் திறக்க முடியாது. அதை மறந்தால் நமக்கும் திறக்காது என்பதை மறக்க வேண்டாம்.

2017 மே மாதம் 'வான்னாக்ரை' வைரஸ் நெட்வொர்க் வழியே பரவி, சுமார் 150 நாடுகளில் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இந்த வகை வைரஸ்கள் பெரும்பாலும், தாம் புகுந்த கம்ப்யூட்டரில் இருப்பவருக்குத் திருத்த அனுமதியுள்ள ஃபோல்டர்களை எல்லாம் கெடுத்துவிடும். அனுமதி குறைந்தால் சேதமும் குறையும். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்னுக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். ஆகவே தனி டிஸ்கில் நகல் எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வைப்பதும் அவசியம்.

தலைமைப் பாஸ்வேர்டைக் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரிடம் விட்டுவைக்காமல் முதலாளியே வைத்துக்கொள்ள வேண்டும். வேலையை விட்டு ஒருவர் விலகினால் அன்றைக்கே அவர் பெயரில் நுழைய முடியாதபடி நிறுத்த வேண்டும். ஊர்தோறும் உள்ள நமது சங்கங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை விவரம் தெரிந்தவரை அழைத்து, உறுப்பினர்களுக்கு இதைச் செய்து காட்ட ஏற்பாடு செய்ய வேண்டும். கடைக் கதவைப் பூட்டாமல் வீட்டுக்குப் போகிற வியாபாரி நம்மில் யாருமில்லை. கணக்கையும் அப்படியே பூட்டுவோம்.